கடாரத்துக்கு ஒரு மலிவு டிக்கெட்!

எங்கள் ஊர்க்காரனுக்கு இரண்டு கஷ்டம். 'எந்த ஊர் ஸார்?' என்று பஸ்ஸில் யாராவது கேட்டால், 'கங்கைகொண்ட சோழபுரம்' என்று சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் இறங்க வேண்டிய ஸ்டாப்பிங் வந்துவிடும். அது எல்லோருக்கும் உள்ள கஷ்டம். இரண்டாவது எனக்கு மட்டும். என் அப்பா!

ரிட்டயர்டு சரித்திர வாத்தியார். வயசு 74. சாயங்காலமானால் பெரிய கோயில் புல்தரையில் உட்கார்ந்துவிடுவார். டூரிஸ்ட் யாராவது சிக்கினால் தீர்ந்தது. "ஐயா, 1025-ல ராஜேந்திர சோழன் கப்பல் படையை அனுப்பினான். தஞ்சாவூர் கல்வெட்டுல பதிமூணு ஊர் பேர் இருக்கு. கடைசிப் பேர் கடாரம். இன்னிக்கு மலேசியாவுல கெடான்னு சொல்றாங்களே, அதுதான்!"

போன வருஷம் ஒரு காலேஜ் பையன் கேட்டுவிட்டான்: "நீங்க பார்த்திருக்கீங்களா தாத்தா?"

அப்பா பதில் சொல்லவில்லை. அன்று ராத்திரி சாப்பிடவும் இல்லை. "நாற்பது வருஷம் பாடம் நடத்தினேன். கடலைத் தாண்டினதில்லைடா" என்றார். மூட்டுவலி வேறு வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போகிறது. இப்போது போகாவிட்டால் இனி இல்லை.

நானோ ஜெயங்கொண்டத்தில் குமாஸ்தா. போனஸை வாஷிங் மெஷினுக்கு என்று வீட்டம்மா ஏற்கெனவே ரிசர்வ் செய்துவிட்டாள். மீதியில் மலேசியா போக வேண்டும். ஆகவே, மலிவு டிக்கெட் வேட்டையில் இறங்கினேன். நீங்களும் மாதச் சம்பளக்காரர் என்றால் இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

முதல் பாடம்: தேதியை முடிவு செய்துவிட்டு டிக்கெட் தேடாதீர்கள். டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு லீவு போடுங்கள்! பள்ளிக்கூட லீவு, தீபாவளி, பொங்கல், சீனப் புத்தாண்டு... இந்த நாட்களில் திருச்சி - கோலாலம்பூர் விலையைப் பார்த்தால் விமானத்தையே விலை சொல்கிறார்களோ என்று தோன்றும். ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமைக்குப் பிப்ரவரியிலேயே தேடினேன். போகவர ஆளுக்கு ரூ.11,400 என்று வந்தது.

அப்பாவிடம் சொன்னேன். சிரித்தார். "சோழனும் அப்படித்தாண்டா. தென்மேற்குக் காத்து அடிச்சாதான் கப்பல் கிழக்கே போகும். திரும்பணும்னா வடகிழக்குக் காத்து வர்றவரைக்கும் அங்கேயே காத்துக் கிடக்கணும். அவன் காத்தைப் பார்த்தான், நீ ரேட்டைப் பார்க்கிறே!"

மலிவு விலை எப்படிக் கட்டுப்படியாகிறது? ஏர் ஏசியா கதையைக் கேளுங்கள். 2001-ல் டோனி ஃபெர்னாண்டஸ் அந்தக் கம்பெனியை ஒரே ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கினார். கூடவே நாலு கோடி ரிங்கிட் கடனும் இலவச இணைப்பு! இந்த மாதிரிக் கம்பெனிகளுக்கு விமானம் தரையில் நின்றால் நஷ்டம். இறங்கிய வேகத்தில் மறுபடி கிளப்புவார்கள். டிக்கெட் என்றால் ஸீட் மட்டும்தான். பெட்டிக்குத் தனி, சாப்பாட்டுக்குத் தனி, ஜன்னலோரம் வேண்டுமென்றால் அதற்கும் தனி. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபிறகுதான் அது மலிவா இல்லையா என்று சொல்ல முடியும்.

இரண்டாவது பாடம் என் சொந்தத் தப்பில் கற்றது. அவசரத்தில் அப்பாவின் பெயரை, ரேஷன் கார்டில் இருக்கிற மாதிரி இனிஷியலோடு அடித்துவிட்டேன். பாஸ்போர்ட்டில் இனிஷியல் முழுசாக, தாத்தா பெயராக நீட்டி முழக்கிக்கொண்டு இருக்கிறது! கெஞ்சிக் கூத்தாடித் திருத்தி வாங்குவதற்குள் எனக்கு ரெண்டு கிலோ குறைந்துவிட்டது. பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எழுத்து எழுத்தாக அடியுங்கள்.

கையில் ஏழு கிலோதான் அனுமதி. மளிகைக்கடைத் தராசில் அப்பாவின் பையை நிறுத்தோம். ஒன்பதரை! இட்லிப் பொடியும் முறுக்கும் வெளியே வந்தன. சோழர் வரலாற்றுப் புத்தகங்கள் மூன்றும் உள்ளேயே இருந்தன.

விசா கவலை இல்லை. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம் என்றார்கள். 2026 கடைசி வரை அதை நீட்டித்திருக்கிறார்கள். கிளம்ப மூன்று நாளுக்குள் வருகைப் படிவத்தை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். திரும்பி வரும் டிக்கெட்டையும் ஹோட்டல் புக்கிங்கையும் பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள். விதிகள் மாறக்கூடியவை, புக் செய்யும்முன் சரிபார்த்துவிடுங்கள்.

திருச்சியிலிருந்து நாலு மணி நேரம். அப்பா ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவே இல்லை. வங்கக் கடலை ராஜேந்திரனுக்காகக் காவல் காத்த மாதிரி இருந்தது. (ஜன்னலோரத்துக்குத் தனிக் காசு கொடுத்தேன். வீட்டம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்!)

கோலாலம்பூரிலிருந்து ரயிலில் சுங்கைப் பட்டாணி. அங்கே கிடைத்த டாக்ஸி டிரைவர் தமிழர். தாத்தா நம்ம பக்கத்திலிருந்து ரஜூலா கப்பலில் போனவராம். மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு மியூஸியம், ஜெராய் மலையடிவாரம். ஓடை சலசலக்க, பக்கத்திலேயே புக்கிட் பத்து பாஹாட் சண்டி. சண்டி என்றால் அவர்கள் மொழியில் பழைய கோயில்.

என்ன இருந்தது? கல் அடித்தளம். தூண் நின்ற கற்கள். அவ்வளவுதான்! எங்கள் ஊர் விமானத்தின் 180 அடியை அண்ணாந்து பார்த்தே வளர்ந்த அப்பா, இங்கே குனிந்து பார்த்தார்.

"இதை ராஜேந்திரன் கட்டினதா?" என்றேன்.

"அப்படிச் சொல்ற கல்வெட்டு எதுவும் இங்கே இல்லடா. இங்கே இருந்த ஜனங்க கட்டினது" என்றார்.

டிரைவர் சொன்னார்: "உங்க ராஜா வந்து அடிச்ச ஊரு ஸார் இது. எங்க தாத்தா வந்து பால்மரம் சீவின ஊரும் இதுதான். இதே பள்ளத்தாக்குல இன்னொரு சண்டியை 2013-ல நிலம் திருத்துறோம்னு இடிச்சே தள்ளிட்டாங்க."

அப்பாவுக்குச் சுருக்கென்றது. எங்கள் கோயில் மதில் கல்லையும் 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஜெயித்த ஊரிலும் கல் போயிற்று, தோற்ற ஊரிலும் கல் போயிற்று.

ரொம்ப நேரம் கழித்து அப்பா பேசினார். "போனவன் கதையையே நாற்பது வருஷம் சொல்லிட்டிருந்தேன். இங்கே கரையில நின்னு கப்பலைப் பார்த்தவன் என்ன நினைச்சிருப்பான்னு ஒரு பையனுக்கும் நான் சொல்லிக் கொடுக்கலையேடா..."

ஐந்து நாளில் ஊர் திரும்பினோம். இப்போதும் சாயங்காலம் புல்தரையில் அதே கூட்டம். கதை மட்டும் மாறியிருக்கிறது. கடாரத்துக்காரர்களுக்கும் ஐந்து நிமிஷம் ஒதுக்குகிறார்!

நேற்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, ஸ்ரீவிஜயம் இருந்தது சுமத்ராவுல, பாலெம்பாங் பக்கம். அதுக்கு ஆஃபர் ஏதாவது வந்தா சொல்லு. பையில ஏழு கிலோவுக்கு மேல வைக்கமாட்டேன்!"

வாஷிங் மெஷின் இந்த வருஷமும் வராது போலிருக்கிறது.