அப்பாவுக்கு ரெண்டு பேரு

அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச பிறகுதான் வி.ஏ.ஓ.கிட்ட போனேன். 21 நாளுக்குள்ள பதிஞ்சா கட்டணம் இல்லை. அந்த மட்டும் தப்பிச்சேன். ஆனா பேரு கேட்டப்ப, இருந்த துக்கத்துல ஊரே கூப்பிடுற பேரைச் சொல்லிட்டேன். பட்டாவுல இருந்தது வேற பேரு.

வாரிசுச் சான்றுக்குப் போனப்ப, "ரெண்டு பேரும் ஒரே ஆளோடதுன்னு எப்படி நம்புறது?"ன்னாங்க. சாவு வீட்டுல அழாதவன் அன்னைக்கு பஸ்ஸுல அழுதேன். திருத்தி வாங்குறதுக்குள்ள பல நடை.

உங்க வீட்டுல துக்கம்னா, யாராவது ஒருத்தர் ஆதார், பட்டா, பேங்க் புத்தகத்தைக் கையோட எடுத்துட்டுப் போங்க. எழுத்து எழுத்தாப் பார்த்துப் பதியுங்க.

போன வாரம் அம்மாவோட காகிதங்களை எடுத்துப் பேரைச் சரிபார்த்தேன். "என்னை அனுப்ப இப்பவே தயாராயிட்டியாடா?"ன்னு அம்மா சிரிச்சுது.