விளக்கெண்ணெய் பூசிய கொண்டைகள்

எமரால்டு கேம்பின் பனிக்காலக் காலை என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு சின்னச் சத்தம். கோழிக்குத் தண்ணீர் வைக்கிற அலுமினியக் குண்டாவில் இரவெல்லாம் படிந்த ஐஸ் ஏட்டை அம்மா விரலால் தட்டி உடைக்கும் 'கிணுக்'. பாலாடையைவிடக் கொஞ்சம்தான் கனமாக இருக்கும். ஒரு துண்டை எடுத்து வெயிலுக்குக் காட்டினால் உள்ளே ஒரு தவிட்டுத் துணுக்கும் நூல் மாதிரி ஒரு இறகும் மாட்டிக்கொண்டிருக்கும். நாங்கள் அதை வாயில் போட்டுச் சப்பி முதுகில் வாங்கிக் கட்டிக்கொள்வோம். அம்மா கெட்டிலிலிருந்து வெதுவெதுப்பாகத் தண்ணீரை ஊற்ற, குண்டாவிலிருந்து ஆவி எழும். அந்த ஆவிக்குள் தலையை விட்டு, குடித்து, மூக்கை வானத்துக்குத் தூக்கி விழுங்கும் நான்கு கோழிகள்.

அந்தப் பக்கம் குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மாலையில் அணைத் தண்ணீர் மேல் புகை மாதிரி இறங்கும் மூட்டம், சீகை விறகின் புகை, எங்கோ தைலம் காய்ச்சும் கொட்டகையிலிருந்து வரும் கற்பூர மர இலை நெடி, ஒருநாளும் முழுசாகக் காயாத சட்டைக் காலர். கனடாக்காரன் உதவியோடு ஐம்பதுகளில் குந்தா நீர்மின் திட்டம் தொடங்கியபோது போட்ட கேம்ப் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எங்களுக்கு அது வெறும் கேம்ப். ஊர் என்றால் காரமடை. லீவுக்குப் போகிற இடம்.

கோழிகளும் காரமடையிலிருந்து வந்தவைதான். அம்மாயி ஒரு செவலையும் ஒரு கருப்பியும் இரண்டு வெடைகளும் பிடித்து, காலைக் கட்டி, மூங்கில் கூடையில் வைத்து மேலே துணி சுற்றிக் கொடுத்தாள். சேவலைப் பிறகு இங்கேயே வாங்கிக்கொண்டோம். கல்லாறு தாண்டி 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் அம்மாதான் ஜன்னலோரம் தலையை நீட்டிக்கொண்டு வந்தாள். கோழிகள் சத்தம் காட்டவில்லை. குன்னூரில் பஸ் நின்றபோது கூடைக்குள்ளிருந்து ஒரு கேறல். செவலை முட்டை இட்டிருந்தது. "மலைக்கு வந்ததுமே இட்டுருச்சு, ராசியான கோழி" என்று பக்கத்து சீட்டு அம்மா சொன்னார். அந்த ராசி ஐப்பசி வரைக்கும்தான்.

ஐப்பசி மழையோடு இறகு கொட்டத் தொடங்கியது. கழுத்து மொட்டையாகி, வால் போய், நான்கும் நோயாளிகள் மாதிரி நின்றன. கீழ்நாட்டிலும் கோழி இறகு உதிர்க்கும். ஆனால் அங்கே உதிர்த்துவிட்டு வெயிலில் மண் குளித்துக்கொண்டு கிடக்கும். இங்கே உதிர்த்த கையோடு பனி வந்துவிட்டது. முட்டை அடியோடு நின்றது. அம்மா ஊர் வைத்தியத்தை எல்லாம் செய்து பார்த்தாள். பழம் பானைக்குள் சாணியும் வைக்கோலும் திணித்து, தண்ணீர் தெளித்துக் கவிழ்த்து வைத்தால் காரமடையில் மூன்றாம் நாள் கரையான் மொய்த்துக் கிடக்கும். கோழிக்கு அதைவிட விருந்து கிடையாது. இங்கே மூன்றாம் நாள் பானையைத் தூக்கினால் உள்ளே சாணி உறைந்து கல்லாகிக் கிடந்தது. அம்மா அதை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கரையான்கூட இல்லாத ஊருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்களே என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

அப்புறம் அந்தத் தார்ப்பாய் விவகாரம். குளிர் புகாமல் இருக்கட்டும் என்று கோழிக்கூட்டை, அதாவது இரண்டு தேயிலைப் பெட்டிகளைப் பிரித்து அப்பா அடித்த கூட்டை, தார்ப்பாயால் ஒரு ஈ நுழையாமல் மூடினோம். காலையில் திறந்தால் உள்ளே பலகையெல்லாம் வேர்த்துச் சொட்டுகிறது. கோழி விட்ட மூச்சும் எச்சத்தின் ஈரமும் வெளியேற வழி இல்லை. ஒரே வாரத்தில் கொரகொரவென்று சளி. மிளகும் சின்ன வெங்காயமும் மஞ்சளும் அரைத்து உருட்டி வாயில் தள்ளினாள் அம்மா. கருப்பி பிழைக்கவில்லை. புதைக்கும்போது என் தங்கை அழுதாள். அப்பா தன் மேல்தான் தப்பு என்று யாரும் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தவர் மாதிரி அன்று பூராவும் கூட்டையே தட்டிக்கொண்டிருந்தார்.

இதைக் கேள்விப்பட்டு வந்தவர்தான் சிலோன் ஆயா. மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்தார். இந்தியாவும் சிலோனும் ஒப்பந்தம் போட்ட பிறகு தலைமன்னாரில் கப்பலேறி வந்த குடும்பம். அதற்கு முன்னால் நுவரெலியாவில் கொழுந்து பறித்தவர். பனி அவருக்குப் பழைய பகையாளி. கூட்டுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "குளிரு கோழியக் கொல்லாது புள்ள, ஈரந்தான் கொல்லும்" என்றார். தார்ப்பாயைப் பிய்த்துக் காற்று அடிக்கும் பக்கம் மட்டும் கட்டச் சொன்னார். கூரைக்குக் கீழே, கோழியின் தலைக்கு மேலே, நான்கு விரல் அகலத்துக்கு நெடுக ஒரு திறப்பு. கீழே மரத்தூளும் காய்ந்த பெரணியும் ஒரு சாண் உயரத்துக்கு. அதை வாரி எறியாமல் கிளறிவிட்டு மேலே மேலே போட்டுக்கொண்டே வர வேண்டும். அடியில் மக்கி, கையை வைத்தால் இளஞ்சூடு தெரியும். உட்காருகிற குச்சி ஒல்லியாக இருக்கக் கூடாது, கால் விரலெல்லாம் வயிற்று இறகுக்குள் மறைகிற மாதிரி பட்டையாக இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத மனுஷி. எங்கள் வீட்டுக்கு வந்த முதல் எஞ்சினியர் என்று அப்பா சொல்வார்.

தீனியில் அம்மாவே கெட்டிக்காரி ஆகிவிட்டாள். காலையில் அரிசி வடித்த கஞ்சியைச் சூடாக விட்டுத் தவிடு பிசைவாள். புட்டுக்குப் பிசைகிற பதம். பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் உதிர வேண்டும். கூழாகிவிட்டால் மூக்கில் ஒட்டி உறைந்துவிடும். அதில் கடலைப் பிண்ணாக்கு ஒரு பிடி. சந்தையில் வாங்கிய கருவாட்டின் தலைகளை வறுத்து இடித்த தூள் ஒரு பிடி. இறகு முழுக்கப் புரதம்தானே, அது முளைத்து முடியும் வரை முட்டைக்கு மிச்சம் ஏது? நான் இதைப் பின்னால் புத்தகத்தில் படித்தேன். அம்மாவுக்குக் கோழியின் மொட்டைக் கழுத்தே சொல்லிவிட்டது. அந்தக் கருவாட்டு வாசத்துக்கு லைன் முழுக்கப் பூனைகள் எங்கள் வாசலில்தான் படுத்துக்கிடக்கும். பால் கொண்டு வரும் படுகப் பாட்டி, ஹெத்தை என்றுதான் கூப்பிடுவோம், வெள்ளை முண்டுக்குள்ளிருந்து கோலிக்குண்டு அளவு உருளைக்கிழங்குகளை எடுத்துக் கொட்டுவார். அவித்து மசித்துப் போட வேண்டும். பச்சை பாய்ந்த கிழங்கு ஒன்றுகூடக் கலக்கக் கூடாது, விஷம் என்று ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டுவார். கோஸ் இலையைக் கயிற்றில் கட்டிக் கோழி எட்டிக் கொத்துகிற உயரத்தில் தொங்கவிடுவது தங்கையின் வேலை. முட்டை ஓட்டை அடுப்புச் சூட்டில் காயவைத்துப் பொடிப்பது என் வேலை. ஓடு ஓடாகப் போட்டால் அது முட்டை என்று தெரிந்து தன் முட்டையையே கொத்தப் பழகிவிடும். அதனால் மாவாக நுணுக்க வேண்டும்.

சாயங்காலத் தீனி வேறு. வெயில் கற்பூர மரங்களுக்குப் பின்னால் இறங்குவதற்குள் மக்காச்சோளத்தை உடைத்து, கம்பும் கலந்து இறைப்பாள். "நெறஞ்ச எரப்பையோட படுக்கோணும் கண்ணு. ராத்திரி அதுதேன் அடுப்பு மாதிரி உள்ள எரியும்." கூட்டில் அடைக்கும்போது ஒவ்வொன்றின் கழுத்தடியையும் தொட்டுப் பார்ப்பாள். கொழுக்கட்டை மாதிரி உருண்டு இருந்தால் உள்ளே விடுவாள், தளர்ந்திருந்தால் மடியில் வைத்து இன்னும் ஒரு கை ஊட்டுவாள். கடைசியாக விளக்கெண்ணெய். மலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே வெள்ளைக் கட்டியாகிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும், விளக்கெண்ணெய் உறையாது. சேவலின் கொண்டை நுனி ஒரு பனியில் கருத்துப்போன பிறகு, தினமும் இருட்டுகிற நேரத்தில் எல்லாவற்றுக்கும் கொண்டையில் ஒரு தடவல். எண்ணெய் வைத்துச் சடை பின்னி ஸ்கூலுக்கு அனுப்புகிற மாதிரி இருக்கும்.

இவ்வளவும் செய்து மார்கழி பிறந்தபோது முட்டை வந்ததா? வரவில்லை. அப்போதுதான் அப்பா பல்பு போட்டார். எந்த வார இதழில் படித்தாரோ, கோழிக்கு முட்டை வயிற்றில் அல்ல, வெளிச்சத்தில் தொடங்குகிறது என்றார். வெளிச்சம் 14 மணி நேரமாவது வேண்டுமாம். மார்கழிப் பகல் பதினொன்றரைக்கு மேல் போகாது. 40 வாட் குண்டு பல்பு ஒன்றைக் கூட்டின் மூலையில் மாட்டி, ஸ்விட்சை அடுக்களைக்குள் கொண்டுவந்தார். முதல் வாரம் ராத்திரி ஒன்பது வரை எரியவிட்டு டப்பென்று அணைத்தோம். கீழே மேய்ந்துகொண்டிருந்த கோழிகளுக்குக் கண் தெரியவில்லை. குச்சியில் ஏற முடியாமல் தரையிலேயே ஒண்டிக் கிடந்தன. பிறகு சாயங்கால வெளிச்சத்தை விட்டுவிட்டு, விடிகாலை நாலு மணிக்குப் போடத் தொடங்கினோம். அம்மா அடுப்புப் பற்றவைக்க எழும் நேரம். இருட்டில் குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கத் தூங்க, எங்கள் கூட்டின் பலகை இடுக்குகளில் மட்டும் மஞ்சள் கோடுகள். அணைத் தண்ணீரில் எடுக்கிற மின்சாரம் எங்கெங்கோ போகிறது, கொஞ்சம் நம்ம செவலைக்கும் போகட்டும் என்பார் அப்பா.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது செவலை கேறியது. அந்தக் கேறலைக் கேட்டு மூன்று வீட்டுப் பெண்கள் கையில் கரண்டியோடு வெளியே வந்தார்கள். அப்பா பல்பு என்றார். சிலோன் ஆயா பெரணி என்றார். ஹெத்தை தன் கிழங்கு என்றார். அம்மா எதுவும் சொல்லவில்லை, முட்டையைக் கொண்டுவந்து என் காதில் வைத்தாள். பனிக்கு விறைத்த காதில் அந்தச் சூடு. இப்போது எழுதும்போதுகூட இடது காது குறுகுறுக்கிறது. இட்ட முட்டையின் ஓட்டில் ஒரு ஈரம் மினுங்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்து மங்கிவிடும். அந்த ஈரம் காய்வதற்குள் பார்த்தவனுக்குத்தான் முட்டை என்பது எங்கள் சட்டம். அன்று எனக்கு.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஒரு கணக்கு வந்துவிட்டது. இன்று எட்டுக்கு இட்டால் நாளை ஒன்பதுக்கு, மறுநாள் இன்னும் தள்ளி, பிற்பகல் தாண்டினால் ஒருநாள் ஓய்வு. ஒரு முட்டை உருவாக 25 மணி நேரம் போல ஆகிறது, நாளோ 24 மணிதான். இது தெரியாமலே அவள் காலண்டரில் புள்ளி வைத்துக்கொண்டு வந்தாள். பால் கணக்குக்குப் பக்கத்தில் பென்சில் புள்ளி. மாசியில் செவலை அடைக்கு உட்கார்ந்தபோதுதான் அடுத்த சண்டை. காரமடையில் அடைக் கோழியைத் தொட்டித் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள், மூக்கில் இறகு குத்துவார்கள். இந்தக் குளிரில் எப்படி முக்குவது? மூன்று நாள் வெறும் தரையில் கொடாப்புப் போட்டுக் கவிழ்த்தாள். செவலை உள்ளே உட்கார்ந்துகொண்டு எங்களைத் திட்டியது. சோலையிலிருந்து சாம்பல் காட்டுச் சேவல் கூவ, எங்கள் சேவல் பதில் கூவ, அது சீட்டு விளையாடுகிற மாதிரி காலை முழுக்க நடக்கும்.

போன வருஷம் பனிக்காலத்தில் போயிருந்தேன். எங்கள் வரிசையில் பாதிக்குக் கூரை இல்லை. அடுக்களைச் சுவரில் கரி மட்டும் அப்படியே இருக்கிறது. ஆயாவின் லயத்தில் வேறு மொழி பேசும் வடநாட்டுப் பிள்ளைகள், ஹெத்தையின் வீட்டில் யாருமில்லை. வேனில் நாமக்கல் முட்டை அட்டை அட்டையாக வந்து இறங்குகிறது. டீக்கடையில் ஆம்லெட் கேட்டால் இரண்டு நிமிஷம். கோழி வளர்க்கிறீர்களா என்று கேட்டதற்கு, "சிறுத்தை வருதுங்க, யாருங்க வளப்பாங்க" என்றார் கடைக்காரர். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து நடந்தேன். எங்கும் மஞ்சள் கோடு இல்லை. காட்டுச் சேவல் கூவியது, நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன், பதில் இல்லை.

அப்பா ரிட்டையர் ஆகிக் கீழே காரமடைக்கு வந்த பிறகும் அம்மா கோழி வைத்திருந்தாள். அங்கே மார்கழியில் முட்டை கொஞ்சம் குறையும், நிற்காது. பல்பும் பெரணியும் தேவைப்படவில்லை. ஆனாலும் மார்கழி பிறந்துவிட்டால் காலையில் கஞ்சியைச் சூடு பண்ணித் தவிடு பிசைவாள். கோழிகள் ஆவியைப் பார்த்துப் பின்வாங்கி, ஆறும் வரை வேப்பமர நிழலில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். "இதுகளுக்கு ருசி தெரியல" என்று சொல்லிக்கொண்டு, இருட்டியதும் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு கொடாப்புக்குப் போவாள்.