15 தவு

ஒண்டிப்புதூர் சந்தில் வெள்ளை அம்பாசிடரின் பானெட் தூக்கி நிற்கிறது. பாட்டரி வயரைக் கழற்றி ஓரமாக ஒதுக்கியிருக்கிறார் பெரியவர். பனியன், மடித்துக் கட்டிய லுங்கி, நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடி. மில்லில் ஃபிட்டராக இருந்தவர் என்பதைத் துண்டின் மேல் கிடக்கும் ஸ்பேனர்களே சொல்கின்றன: அளவு வாரியாக, வாயெல்லாம் ஒரே பக்கம் பார்த்து.

கொஞ்ச நாளாகவே வண்டி காலையில் முரண்டு பிடிப்பது தெருவுக்கே தெரியும். மேட்டில் இழுவையும் இல்லை.

டிஸ்ட்ரிபியூட்டரின் கருப்பு மூடியைக் கிளிப் தட்டிக் கழற்றுகிறார். ரோட்டரை உருவுகிறார். உள்ளே பாயிண்ட் செட். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடினால், இந்தச் சின்ன வாய் நொடிக்கு 100 தடவை திறந்து மூடும். ஒவ்வொரு திறப்பிலும் காயிலில் ஓடும் 12 வோல்ட் கரண்ட் அறுந்து, பல ஆயிரம் வோல்ட்டாக ஏதோ ஒரு பிளக்கில் போய்த் தெறிக்கும்.

ஸ்குரூவைத் தொடுமுன் பழைய வேட்டித் துணியைச் சுற்றிலும் திணிக்கிறார். நெல்மணி தண்டி ஸ்குரூ. நழுவினால் அரைநாள் தேடல்.

கழற்றிய பாயிண்டை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்க்கிறார். ஒரு முகத்தில் மேடும் எதிர்முகத்தில் பள்ளமும் விழுந்திருந்தால் கண்டென்சரைச் சந்தேகப்படலாம். இது இரண்டு பக்கமும் ஒரே சாம்பல் நிறம். தேய்ந்திருப்பது கேமில் உரசும் ஃபைபர் குதிகால். அது தேயத் தேய இடைவெளி குறுகும், ஸ்பார்க் பிந்தும். இழுவை அங்கேதான் போயிருக்கிறது.

உத்தரபாராவில் 2014-இல் அம்பாசிடர் உற்பத்தி நின்றாலும் பாயிண்ட் இன்னும் கிடைக்கிறது. புதுசின் முகத்தைப் பெட்ரோல் துணியால் துடைத்து உட்காரவைக்கிறார். வயர் முனைகள் பிளாஸ்டிக் புஷ்ஷின் மேலேதான் இருக்க வேண்டும்; இரும்பைத் தொட்டால் எர்த் ஆகி, எத்தனை செல்ஃப் அடித்தாலும் வண்டி பேசாது.

பேரன் முன்னால் ஹேண்டிலைச் செருகுகிறான்.

"கட்டை விரல மடக்கிப் புடிக்காத சாமி. மத்த வெரலோட சேத்து வெய்யி. எதிர்ல உதைச்சா கை போயிரும்."

"பிளக்கே இல்லீங்களே அப்புச்சி, எப்படி உதைக்கும்?"

"இல்லாட்டியும் பழகு."

குதிகால் கேமின் முனையில் ஏறி நிற்க வேண்டும். "இன்னும் கொஞ்சம்... அட, தாண்டிருச்சு." மறுபடி ஒரு சுற்று. ஃபில்லர் கேஜில் 15 தவு தகடு, அதாவது அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் 15. தகடு லேசாக உரசிக்கொண்டு போய்வர வேண்டும். போய்வருகிறது. ஸ்குரூவை இறுக்குகிறார், இடைவெளி நகர்ந்துவிட்டது. இந்த வேலையின் விஷமமே இதுதான். தளர்த்தி, அளந்து, மறுபடி இறுக்கல். விசிட்டிங் கார்டைச் செருகி ஒரே மூச்சில் முடிக்கும் மெக்கானிக்குகளும் உண்டு. வண்டி அதிலும் ஓடத்தான் செய்கிறது. ஆனால் இவர் அப்படி விடுகிற ஆள் இல்லை.

கேமில் தீக்குச்சி முனையளவு கிரீஸ். பாட்டரியை மாட்டி, சின்ன பல்பு வைத்து டைமிங்.

"எரிஞ்சிருச்சுங்க!"

"குறி எங்க நிக்குது?"

பையன் குனிந்து பார்த்துத் தலையாட்டுகிறான். மூடி, பிளக், வயர் எல்லாம் ஏறுகின்றன. புதுக் கண்டென்சர் மட்டும் டப்பாவிலேயே கிடக்கிறது.

"இத மாட்டலீங்களா?"

"பழசு நல்லாத்தானே உழைக்குது. புதுசு எப்படின்னு யாரு கண்டா?" டேஷ்போர்டில் போட்டு மூடுகிறார்.

இரண்டாவது செல்ஃபில் எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. வீட்டுக்குள்ளிருந்து குரல்: "ஏனுங்க, பொகை பூராத் துணி மேல வருது. வண்டிய அக்கட்டால எடுங்க!"

பானெட்டைச் சாத்தி, பேரனை ஏற்றிக்கொண்டு திருச்சி ரோட்டுப் பக்கம் திருப்புகிறார். மேம்பாலம் ஏறிப் பார்க்காமல் திரும்பமாட்டார்.