சாந்திக்கு ஒரு கடிவாளம்

பி.காம். படித்தவனுக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்? என் மனைவியும் இதையேதான் கேட்கிறாள். கொடைக்கானல் ஏரிக்கரையில் வாடகைக்குக் குதிரை விடும் பாய் ஒருவருக்கு வருஷா வருஷம் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். ஃபீஸ் என்று வாயெடுத்தால், "ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க தம்பி" என்று குதிரையை அவிழ்த்து விடுவார். அப்படிப் பழக்கமானவள்தான் சாந்தி.

அந்தப் பெயரை வைத்தவர் பெரிய குறும்புக்காரராக இருக்க வேண்டும். ஏரியைச் சுற்றும் தார் ரோட்டில் சாது. பைன் மரங்களுக்கு நடுவே மண் பாதையில் திருப்பினாலோ, காது இரண்டும் விறைக்கும், கிளம்பிவிடுவாள். போன மே மாதம் அப்படித்தான் கிளம்பினாள். நான் பயத்தில் லகானைப் பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். இழுக்க இழுக்கத் தலையை உதறிக்கொண்டு இன்னும் வேகமாக ஓடினாள். பிறகு நான் இறங்கினேன். (விழுந்தேன் என்று சொல்வோரும் உண்டு.)

மறுநாளே ஒரு டூரிஸ்ட் பையன் மயிரிழையில் தப்பினான். பாய் ஆடிப்போய்விட்டார். "முள்ளு வெச்ச கடிவாளம் போடுங்கறாங்க. அதுக்கும் அடங்கலேன்னா வித்துட வேண்டியதுதான்."

வண்டி, பொதி விலங்குகளுக்கான 1965-ம் வருட விதிகளிலேயே முள் கடிவாளத்துக்குத் தடை இருக்கிறது என்றேன். உடனே இன்னொன்றை எடுத்துக் காட்டினார். இரண்டு பக்கமும் நீளமாகக் கை தொங்கும் 'கர்ப்' கடிவாளம். சாதாரண 'ஸ்னாஃபிள்' என்றால், கடிவாள வளையத்திலேயே லகான் மாட்டியிருக்கும். நாம் எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவுதான் வாயில் அழுத்தும். இதில் லகான் அந்தக் கையின் நுனியில். நெம்புகோல் கணக்கு. நாம் ஒரு பங்கு இழுத்தால் குதிரைக்கு மூன்று நான்கு பங்கு போய்ச் சேரும். கணக்குப் படித்த எனக்குச் சட்டென்று புரிந்தது. கந்து வட்டி!

நல்லவேளை, அதை மாட்டுவதற்குள் கால்நடை டாக்டர் வந்தார். "இரும்பை அப்புறம் பாக்கலாம், முதல்ல வாயைப் பாப்போம்."

குதிரைக்கு முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே வெறும் ஈறாக ஓர் இடைவெளி. கடிவாளம் உட்காருவது அங்கேதான். எலும்பின் மேல் மெல்லிசாகச் சதை, அவ்வளவுதான். சாந்திக்கு இடது பக்கம் அது கிழிந்து புண்ணாகியிருந்தது. போதாததற்குக் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் பட்டாணி சைஸில் ஒரு குட்டிப் பல். 'உல்ஃப் டூத்' என்றார். எல்லாக் குதிரைக்கும் இருக்காதாம். லகானை இழுக்கும்போதெல்லாம் இரும்பு அதில் இடித்திருக்கிறது.

"வலி தாங்காம ஓடுது. இன்னும் வலிக்க வெச்சா நிக்குமா? ஆமா, கடைசியா இதை இந்த இழுப்பு இழுத்தது யாரு?"

பாய் ஏரியைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

மயக்க ஊசி போட்டுப் பல்லை எடுத்தார்கள். மூன்று வாரம் வாயில் இரும்பே கூடாது என்றார் டாக்டர். சீசன் அதோடு முடிந்தது. கணக்கு நோட்டில் 'சாந்தி - வரவு இல்லை' என்று தினமும் என் கையாலேயே எழுதினேன்.

பிறகுதான் கடிவாளம் தேடினோம். வாய்க்குக் குறுக்கே கயிறு வைத்து அளந்தால் நாலேகால் அங்குலம். இத்தனை நாள் போட்டிருந்தது ஐந்து! இரண்டு பக்கமும் கால் அங்குலத்துக்குள் இடம் விட்டால் போதும், அதிகமானால் இங்கும் அங்கும் நழுவும். நடுவில் ஒற்றை மூட்டு இருந்ததால் இழுக்கும்போது பாக்குவெட்டி மாதிரி மடங்கி நாக்கை நெரித்திருக்கிறது. ஆகவே நாலரை அங்குலத்தில், இரண்டு மூட்டும் நடுவே வழவழப்பான சின்னத் துண்டும் உள்ள ஸ்னாஃபிள். கம்பி மெல்லிசானால் வெட்டும். ரொம்பத் தடித்தாலும் சாந்தியின் கொழுத்த நாக்குக்கு இடமிருக்காது. சுண்டு விரல் கனத்தில் வாங்கினோம்.

என் கைக்குத்தான் கடையில் எதுவும் கிடைக்கவில்லை. பாய் லகானைத் தூணில் தையல் நூலால் கட்டி, நூல் அறாமல் பிடித்துப் பழகச் சொன்னார். முதல் நாள் பதினேழு நூல் அறுந்தது.

ஆகஸ்ட்டில், பனிமூட்டத்தில், மறுபடி அதே மண் பாதை. காது விறைத்தது. என் கையும் விறைத்தது. விரலைத் தளர்த்தினேன். கொஞ்ச தூரம் ஓடினாள். லேசாகப் பிடித்து விட்டேன், பிடித்து விட்டேன். மேடு வந்ததும் தானாக நடந்தாள்.

இந்த வருஷம் ஃபீஸ் கேட்கவில்லை. டாக்டர் பில்லையும் நான்தான் கட்டினேன். என் மனைவி இந்தப் பக்கத்தைப் படிக்காமல் இருக்க வேண்டும்.