ஆம்பளைக்கு எதுக்குத் தோல் வைத்தியம்?

தோல் பராமரிப்புன்னு சொன்னா எங்க ஊர்ல சிரிப்பாங்க. அது பொம்பளைங்க சமாச்சாரம், மிஞ்சினா பொண்ணு பாக்கப் போற பையனோட சமாச்சாரம். 2005-ல இமாமி கம்பெனி ஆம்பளைங்களுக்குன்னே ஒரு சிவப்பழகு கிரீம் கொண்டு வந்தாங்க. எங்க பசங்களும் வாங்கிப் பூசிப் பாத்தானுங்க. பங்குனி வெயில்ல உளுந்து பிடுங்குறவன் மூஞ்சியில எந்தக் கிரீம் நிக்கும்?

நான் எழுத வந்தது நிறத்தைப் பத்தி இல்லீங்க. புண்ணைப் பத்தி, அரிப்பைப் பத்தி.

ஜூன் 12-ல மேட்டூர் திறக்கறது வழக்கம் (வருஷா வருஷம் நடக்குதான்னு கேக்காதீங்க). வாய்க்கால்ல தண்ணி வந்துட்டா நாத்தங்கால், உழவு, நடவு, களைன்னு சம்பா அறுப்பு வரைக்கும் கால் சேத்துலதான். விரல் இடுக்கு ஊறி, வெளுத்து, பிளந்துக்கும். அதுதான் சேத்துப்புண். யூரியா வீசுற அன்னிக்கு அந்தப் பிளவுல பட்டா உச்சந்தலை வரைக்கும் சுர்ருங்கும். எங்க அம்மா மருதாணி அரைச்சு அப்புவாங்க, வேப்பெண்ணெயில மஞ்சளைக் குழைச்சுப் போடுவாங்க. நானும் போடுறேன். ஆனா அதைவிடப் பெரிய வைத்தியம், கரையேறினதும் மோட்டார் தண்ணியில காலைக் கழுவி, விரல் விரலா ஈரத்தை ஒத்தி எடுக்கறதுதான். சோம்பல் படாதீங்க. வரப்பு பூரா எலி வளை. எலி மூத்திரம் கலந்த தண்ணி அந்தப் பிளவுல பட்டா எலிக்காய்ச்சல் உள்ள நுழைய அது போதும்.

சேத்துப்புண்ணை நாலு பேருக்குக் காட்டுவோம், வெக்கம் இல்ல. காட்ட முடியாத இடத்துல வர்றதுதான் சிக்கல்.

பங்காளி முறையில எனக்கு ஒரு தம்பி. போன வருஷம் நடவு சமயத்துல வரப்புல காலை அகட்டி அகட்டி நடந்தான். கேட்டா "ஒண்ணுமில்லண்ணே, சூடு"ன்னான். பம்புசெட்டுல குளிக்கறப்பதான் பாத்தேன். அரணாக்கயிறு ஓடுற தடம் பூரா, அதுக்குக் கீழ ரெண்டு தொடை இடுக்கும் படர்தாமரை. ஓரம் செவந்து, நடுவுல கருத்து, வட்டத்துக்குள்ள வட்டம். ஆறு மாசமாம். பொண்டாட்டிகிட்டயும் சொல்லல, திண்ணையில தனியா படுத்துக்கிட்டிருக்கான். "ஏண்டா வாயத் தொறக்கல?"ன்னு கேட்டதுக்கு "இதையெல்லாம் எப்படிண்ணே சொல்றது"ன்னு குனிஞ்சுக்கிட்டான்.

மருந்து போடாம இல்ல. கடையில "அரிப்புக்குக் குடுங்க"ன்னு கேட்டு ஒரு ட்யூப் வாங்கியிருக்கான். ரெண்டே நாள்ல அரிப்பு நின்னுடும், செவப்பு அடங்கிடும். விட்டா ஒரு வாரத்துல முன்னைவிட அகலமா வரும். திரும்ப ட்யூப். இப்படியே எத்தனையோ ட்யூப். கடைசியில தொடைத்தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆயி, வரி வரியா பிளந்துடுச்சு.

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். தோல் டாக்டர் ட்யூபைத் திருப்பிப் பாத்துட்டு, பூஞ்சை மருந்தோட ஸ்டீராய்டும் கலந்திருக்குன்னாங்க. ஸ்டீராய்டு, பூஞ்சையைக் கொல்றது இல்ல. பூஞ்சையோட சண்டை போடுற நம்ம உடம்பைத்தான் அடக்குது. அதனால செவப்பும் அரிப்பும் போயிடும், பூஞ்சை நிம்மதியா பரவும்.

இது நமக்குப் புரியாத கணக்கு இல்ல. புகையானுக்குக் கண்ட மருந்தையும் அடிச்சா என்ன ஆகும்? அதைத் தின்னுற சிலந்தி மொதல்ல சாகும், பத்து நாள் கழிச்சு புகையான் ரெண்டு மடங்கா வரும். வயல்ல இது தெரிஞ்ச மனுஷன், தொடையில அதையே பண்றான்.

தம்பி ஒருத்தன் கதை இல்ல இது. நாடு பூரா இருக்கற தொல்லை. 2018 மார்ச்சுல மத்திய அரசு இந்த மாதிரி 14 வகை பூசுற ஸ்டீராய்டை, டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு பட்டியல்ல சேத்துச்சு. இருந்தும் கேட்டா கிடைக்குது. வழக்கமான மாத்திரைக்கு அடங்காத ஒரு படர்தாமரைப் பூஞ்சைக்கு 2020-ல நம்ம நாட்டுப் பேரையே சேத்து டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியேன்னு பேர் வச்சுட்டாங்க. 2023-ல அது நியூயார்க்லயும் கண்டுபிடிச்சாங்களாம். பாஸ்மதிக்குக் கிடைச்ச பேர் மாதிரி இதுக்கும் ஒரு பேர்.

தம்பிக்கு ட்யூபை நிறுத்தி, மாத்திரையும் வெறும் பூஞ்சை மருந்தும் குடுத்தாங்க. நிறுத்தின மொத வாரம் அரிப்பு தாங்க முடியாம கத்தினான். அதுக்குப் பயந்துதான் நெறைய பேர் திரும்ப ட்யூபுக்கே போறாங்களாம். தோல் சரியாத் தெரிஞ்சப்புறமும் இன்னும் சில வாரம் தின்னச் சொன்னாங்க. வீட்டுல ஒருத்தருக்கு இருந்தா எல்லாரையும் காட்டணும். அவன் சம்சாரத்துக்கும் இருந்துச்சு. அவங்களும் சொல்லாமதான் இருந்திருக்காங்க. துண்டு ஆளுக்கு ஒண்ணு, உள்துணியைத் தனியா கொதிதண்ணியில அலசி நல்ல வெயில்ல காயப்போடணும், ஈர டிராயரோட சாயங்காலம் வரைக்கும் கிடக்கக்கூடாது. அரணாக்கயிறை அறுக்கச் சொன்னப்பதான் வீட்டுல பெரிய சண்டை. பெரியம்மா ஒத்துக்கல. கடைசியில பழைய கயிறை எடுத்துட்டு, குணமானப்புறம் புதுசு கட்டிக்கறதுன்னு முடிவாச்சு.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் போடுங்க, வெயில்ல வெந்த தோலுக்கு நல்லெண்ணெய் சுகம்தான். ஆனா அது படர்தாமரைக்கு மருந்து இல்ல. இன்னொண்ணு, அரிக்காம, வெளுத்து, தொட்டா உணர்ச்சி இல்லாம ஒரு படை இருந்தா அதை ஆரம்ப சுகாதார நிலையத்துல உடனே காட்டிடுங்க. அது குஷ்டமா இருக்கலாம். அதுக்கு மருந்து இலவசம், முழுசா குணமாகும்.

பூச்சிமருந்து டப்பாவுல சிவப்பு முக்கோணமா பச்சை முக்கோணமான்னு பாத்துத்தானே வாங்குறோம். ட்யூபையும் திருப்பிப் பாருங்க. க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், இதுல எந்தப் பேர் இருந்தாலும் டாக்டர் சொல்லாம படர்தாமரைக்குப் போடாதீங்க. எழுத்து பொடிசா இருக்கும், எனக்கே கண்ணாடி வேணும். பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க யாராச்சும் வீட்டுல இருந்தா படிக்கச் சொல்லுங்க.