தாத்தாவோட துரிசும் கார்ன்வால் கல்லும்

இடுக்கியில் வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் துரிசு என்றால் விளக்கம் வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு மயில்துத்தம், படித்தவர்களுக்குக் காப்பர் சல்பேட். ஏலக்காயில் அழுகல் வருமுன், மே, ஜூனில் அடிக்கிற போர்டோ கலவையின் நீலம் அதுதான். ஒரு கிலோ துரிசை 50 லிட்டர் தண்ணீரில் கரைக்கணும். ஒரு கிலோ சுண்ணாம்பை இன்னொரு 50 லிட்டரில் தனியாகக் கரைக்கணும். பிறகு துரிசுத் தண்ணீரைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊற்றிக் கலக்கணும். இரும்பு வாளி ஆகவே ஆகாது. கலந்து முடித்ததும் அப்பா பளபளப்பான கத்தி ஒன்றை முக்கி எடுப்பார். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு பத்தவில்லை. அப்படியே அடித்தால் இலை கருகும். அப்போது எனக்கு அது மந்திரம் மாதிரி. இரும்பு கரைந்துபோய் அந்த இடத்தில் செம்பு வந்து உட்காருகிறது என்பதெல்லாம் பிற்பாடு படித்தது.

இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் அந்த நீலத்தை மறந்தே போயிருந்தேன். போன கோடையில் கார்ன்வால் போனபோது மழை பிடித்துக்கொண்டது (இங்கே கோடை என்றால் அப்படித்தான்!). ஒதுங்க இடம் தேடி ட்ரூரோ நகரத்து ராயல் கார்ன்வால் அருங்காட்சியகத்தில் நுழைந்தோம். 1811-இல் இறந்த பிலிப் ராஷ்லீ என்பவர் சேர்த்த கற்கள் அங்கே இருக்கின்றன. கண்ணாடிக்குள் வான நீலத்தில் ஒரு கல். "அப்பா, இது தாத்தாவோட துரிசு!" என்றாள் மகள்.

சீட்டில் 'லைரோகோனைட்' என்று போட்டிருந்தது. செயின்ட் டே ஊரின் வீல் கோர்லாண்ட் சுரங்கத்தில் கிடைத்தது ('வீல்' என்றால் கார்ன்வால் மொழியில் சுரங்கம்). உலகத்தில் இதன் நல்ல படிகங்கள் என்றால் அந்த ஒரு சுரங்கத்தைத்தான் சொல்வார்கள்.

மகள் சொன்னது பாதி சரி. இரண்டிலும் நிறம் தருவது செம்புதான். இரண்டுக்குள்ளும் தண்ணீர் பூட்டிக் கிடக்கிறது. துரிசைச் சூடாக்கித் தண்ணீரை விரட்டினால் வெளுத்துவிடும், நீங்களே பள்ளிக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். ஆனால் லைரோகோனைட்டில் செம்போடு அலுமினியமும், கந்தகத்துக்குப் பதில் ஆர்சனிக்கும் இருக்கின்றன. நம் சித்த மருத்துவர்கள் பாஷாணம் என்கிற அந்த ஆர்சனிக்தான். செம்புத் தாதும் ஆர்சனிக் தாதும் கலந்த பாறையில் காற்றும் மழைத்தண்ணீரும் இறங்கி, மேல்பகுதி மெல்ல மெல்லத் துருவேறும்போது இந்த மாதிரிக் கற்கள் பிறக்கின்றன. மென்மையான கல், கடினம் 2 முதல் 2.5 வரை, நகத்தாலேயே கீறலாம். கீற யாரும் விடமாட்டார்கள் என்பது வேறு.

கனிமங்களை வகைப்படுத்துகிறவர்கள் நிறத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் உலோகத்தைக்கூட முதலில் பார்ப்பதில்லை. கேரளத்தில் பெயரைச் சொன்னதும் "வீட்டுப்பேர் என்ன?" என்பார்களே, அந்த மாதிரி. துரிசின் வீடு சல்பேட். லைரோகோனைட்டின் வீடு ஆர்சனேட். ஆர்சனேட்டும் பாஸ்பேட்டும் ஒரே பெரிய வகுப்புக்குள் வருகின்றன, ஏனென்றால் இரண்டுக்கும் ஒரே நான்முக வடிவம். பல கற்களில் ஒன்றின் இடத்தில் மற்றொன்று சர்வசாதாரணமாக உட்கார்ந்துவிடும். நம் உடம்பும் ஏமாறுவது இந்த ஒற்றுமையால்தான். உயிரணு பாஸ்பேட் என்று நினைத்து ஆர்சனேட்டை உள்ளே விடுகிறது, சக்தி உண்டாக்கும் வேலை கெட்டுப்போகிறது. நாட்டுமருந்துக் கடைத் தாளகமும் மனோசிலையும் ஆர்சனிக்தான், ஆனால் அவை கந்தகத்தோடு சேர்ந்தவை, அதனால் வேறு வீடு.

வீட்டுப்பேர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு. அம்மா பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறை, அப்பா இடுக்கி. 1956-இல் மாநிலம் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றுவிட்டன, வீட்டில் பேச்சு தமிழில் நின்றுவிட்டது. பள்ளியில் நான் பாண்டி, கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனால் மலையாளி. இங்கே லண்டனில் வெறும் இந்தியன். நிறத்தைப் பார்த்து ஒட்டுகிற சீட்டு.

அதனாலேயோ என்னவோ, வீடு திரும்பிப் படித்ததில் ஒரு விஷயம் மனதில் ஒட்டிக்கொண்டது. கோர்லாண்ட் கற்களில் சில நீலமில்லாமல் பச்சையாக இருக்கும். லைரோகோனைட்டிலேயே ஒரு சாயல் என்று இருநூறு வருஷத்துக்கும் மேலாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் மைக் ரம்சியும் கூட இருந்தவர்களும், சுமார் 220 ஆண்டுகளுக்கு முன் வெட்டிய ஒரு பச்சைக் கல்லைச் சோதித்தார்கள். அலுமினியம் இருக்கவேண்டிய இடத்தில் பெரும்பாலும் இரும்பு. கட்டமைப்பு அதேதான், வீடும் ஆர்சனேட்தான், ஆனாலும் அந்த ஒரு இடத்தில் பாதிக்கு மேல் இரும்பு உட்கார்ந்துவிட்டால் விதிப்படி அது தனிக் கனிமம். 2020-இல் கெர்னோவைட் என்று பேர் வைத்தார்கள். கெர்னோ என்பது கார்ன்வாலுக்கு அந்த ஊர் மொழியிலேயே உள்ள பெயர்.

சுரங்கம் எப்போதோ மூடியாச்சு. இனி கெர்னோவைட் வேண்டும் என்றால் பழைய இழுப்பறைகளைத் திறந்து, லைரோகோனைட் என்று சீட்டு ஒட்டிக் கிடக்கும் பச்சைக் கற்களை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும்.