நனைந்த பாறை

இராயப்பர் வலை வீசியவர் என்பதைச் சிறு குழந்தையும் அறியும். அவர் ஒருமுறை தூண்டிலும் போட்டார் என்பதை நம்மிற் பலர் கவனிப்பதில்லை. மத்தேயு எழுதிய நற்செய்தியின் 17-ஆம் அதிகாரத்தில், கோயில் வரி செலுத்தும் பொருட்டு ஆண்டவர் அவரைக் கடலுக்கு அனுப்புகிறார். முதலில் அகப்பட்ட மீனின் வாயில் நாணயம் இருக்கிறது. நான்கு நற்செய்திகளிலும் தூண்டில் போட்டு மீன் பிடிப்பது பேசப்படும் இடம் இது ஒன்றே. குருமடத்தில் இதைப் படித்த நாளில் நமக்குண்டான மகிழ்ச்சிக்கு வேதசாஸ்திரம் காரணமன்று. இளமை முதலே நமக்குத் தூண்டிற் பைத்தியம் உண்டு.

அந்தப் பைத்தியம் ஒரு தாயின் முன் நம்மைத் தலைகுனிய வைத்த கதையை இங்கே எழுதுகிறோம். கோடை விடுமுறை தொடங்கியதும் நம் பிள்ளைகள் தூண்டிலும் கையுமாகப் பாறைகளுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஆகையால் வெட்கம் பார்ப்பதற்கில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் இராமநாதபுரக் கடலோரப் பங்கு ஒன்றில் பணியாற்றினோம். ஞாயிறு திருப்பலியும் ஞானோபதேச வகுப்பும் முடிந்து, பகலுணவுக்குப் பின் வாலிநோக்கத்துப் பாறைகளுக்குச் செல்வது வழக்கம். உப்பளங்களாலும், ஒரு காலத்தில் பழங்கப்பல்களை உடைத்த கரை என்பதாலும் வெளியூரார் அவ்வூரை அறிவர். தூண்டிற்காரர்களுக்கோ அது பாறைகளின் ஊர். மணலும் சிப்பியும் சுண்ணாம்பும் சேர்ந்து இறுகிய பாறை அது. அலை ஓயாமல் மோதி அடிப்பக்கத்தைக் குடைந்துவிட, மேற்பகுதி பலகை போல் நீட்டிக்கொண்டிருக்கும். குடைவுகளில் களவாவும் செப்பிலியும் பதுங்கும். அவற்றைப் பிடிக்க வேண்டுமானால் விளிம்புக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

இராமேசுவரம் பக்கத்தார் பாக்கு நீரிணைக் கடலைப் பெண்கடல் என்றும், மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். ஆயினும் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை 21 தீவுகள் வரிசையாக நிற்கின்றன; 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை அவையே. அவற்றைச் சூழ்ந்த பவளப் பார்கள் பல இடங்களில் அலையை உடைத்துவிடுவதால், காற்றில்லாத நாளில் ஆண்கடலும் சாதுவாகவே தோன்றும். அந்தத் தோற்றத்தைத்தான் நாம் நம்பினோம்.

அங்கே வழக்கமாக வரும் இஸ்லாமியப் பெரியவர் ஒருவர் இருந்தார். பாய் என்றே அழைப்போம். வந்தவுடன் தூண்டில் போடமாட்டார். தொலைவில் உட்கார்ந்து இரண்டு பீடி புகைத்த பிறகே எழுந்திருப்பார். கையில் எப்போதும் மூடியிட்ட காலிக் கேன் ஒன்று, அதில் கட்டிய பத்துப் பாகம் கயிறு. தண்ணீரும் இல்லாமல் இரையும் இல்லாமல் இதை ஏன் சுமக்கிறார் என்று நாம் உள்ளுக்குள் நகைத்ததுண்டு.

ஒருநாள் அவர் சொன்னார்: "சாமி, நீங்க கடலையே பாக்குறீக. பாறையப் பாருங்க. காஞ்ச பாறைன்னா நிக்கலாம். நனைஞ்சிருந்தா, இப்ப அலை வரலைன்னாலும் சித்த முந்தி வந்துட்டுப் போயிருக்குன்னு அர்த்தம். வந்தது மறுபடி வரும்."

தலையசைத்தோம். அவ்வளவுதான்.

மே மாதத்து ஞாயிறு ஒன்று. வானத்தில் மேகமில்லை, காற்றுமில்லை. ஞானோபதேச வகுப்புப் பையன்கள் நால்வர் நம்முடன் வந்திருந்தனர். நாம் நின்ற பாறை கணுக்காலருகே ஈரமாக இருந்தது. அதைக் கண்ணால் கண்டோம், கருத்தில் கொள்ளவில்லை. சிறிது நேரத்தில் நமது தூண்டில் முள் கீழே பாறையிடுக்கில் மாட்டிக்கொண்டது. "சிக்கிருச்சு சாமி, நான் எடுத்துத் தர்றேன்" என்று பதினான்கு வயதுப் பையன் ஒருவன் கீழ்ப்படிக்கு இறங்கினான். வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. முள்ளின் விலை சில ரூபாய்.

அலை சீறி வந்து உடைந்திருந்தால் ஒருவேளை அவனுக்குத் தெரிந்திருக்கும். அப்படி வரவில்லை. கடல் முழுவதுமே ஒரு சுமையைத் தூக்குவது போல் மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தபோது கீழ்ப்படியில் பையன் இல்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு நாம் குதிக்க முனைந்தோம். பாய் ஓடிவந்து நமது கையை இறுகப் பற்றிக்கொண்டார். "நீங்களும் போனா ரெண்டு மையத்து" என்றார். அடுத்த கணம் கேன் பறந்தது. "பாறைக்கு வராதே! வெளிய போ! மல்லாந்து மித!" என்று கத்தினார். பாறையைப் பற்றி ஏற முயன்று இருமுறை சிப்பியோட்டில் மோதிய பையன், மூன்றாம் முறை அந்தக் குரலுக்குக் கீழ்ப்படிந்தான். கேனை மார்பில் அணைத்துக்கொண்டு வெளியே மிதந்தான். கயிற்றை விட்டுக்கொடுத்தபடியே பாய் மணற்கரைப் பக்கம் நகர்ந்தார். அங்கிருந்து ஒரு வள்ளம் அவனை ஏற்றி வந்தது. அந்த நேரம் எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. செபமாலை எங்கே தொடங்கி எங்கே நின்றது என்பதும் நினைவில்லை.

மார்பிலும் உள்ளங்காலிலும் பதினொரு தையல். மருத்துவமனை வாசலில் அவன் தாய் கோபப்படவில்லை. "சாமி நிக்கிற எடம்னுதானே விட்டேன்" என்றார்.

அன்று வந்ததைக் கேரளக் கடற்கரையில் கள்ளக்கடல் என்கிறார்கள். கள்ளனைப் போல் சொல்லாமல் வருவதால் அப்பெயர். 2012-இல் யுனெஸ்கோவும் அச்சொல்லை ஏற்றுக்கொண்டது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் புயற்காற்று எழுப்பும் நீண்ட அலைகள் பல நாள் பயணம் செய்து, இங்கே வெயில் காயும்போது கரையைத் தொடுகின்றன. தெற்கே திறந்திருக்கும் மன்னார் வளைகுடாவுக்குள் அவை நுழையத் தடையில்லை. 2024 மே 6-ஆம் நாள் குமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவரை அலை கொண்டுபோனது இப்படிப்பட்ட எச்சரிக்கை நிலவிய நாளில்தான். ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இவ்வலைகளை முன்கூட்டியே அறிவிக்கிறது. நமது மாவட்டக் கடலோரமும் அவ்வறிவிப்புகளில் இடம்பெறுவதுண்டு. பெற்றோர் அதைக் கேட்டறிந்த பின்னரே பிள்ளைகளை அனுப்புவது நலம்.

பாயின் இரண்டு பீடிக்கும் கணக்கு உண்டு என்பதைப் பின்னர் அறிந்தோம். அலைகள் ஒரே அளவாக வருவதில்லை. பெரியவை கூட்டமாக வந்துவிட்டு வெகுநேரம் ஓய்ந்திருக்கும். பொதுவாக நாம் காணும் பெரிய அலையைவிட ஏறக்குறைய இருமடங்கு உயரமானதும் எப்போதாவது வரும். அரைமணி நேரமாவது பாராமல் பாறையில் கால் வைப்பவன், கடல் ஓய்ந்த வேளையை மட்டுமே கண்டவன். இரப்பர் செருப்பு பாசியில் வழுக்கும். கைலி தண்ணீரில் காலைக் கட்டிப்போடும். இவற்றை நம் பையன்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், குறிப்பிட்ட பகுதிகளில் பாறைமீது நின்று தூண்டில் போடுவோர் மிதவைச் சட்டை அணிந்தே ஆகவேண்டும் என்று 2016-இல் சட்டமே இயற்றினார்கள். நமக்குச் சட்டம் வரும்வரை காலிக் கேனும் கயிறும் போதும். விழுந்தவனுக்காகக் குதிப்பவரும் மாண்டுபோகும் செய்தி ஆண்டுதோறும் வருகிறது. கேனை எறிந்துவிட்டு 1093 என்ற கடலோரப் பாதுகாப்புக் குழும எண்ணையோ, கடலோரக் காவல்படையின் 1554-ஐயோ அழைக்கலாம்.

மறுவாரமே பங்கு இளைஞர்கள் நான்கு கேன்களைக் கயிற்றோடு பாறையருகே முளையடித்துக் கட்டினார்கள். இரண்டை யாரோ வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டார்கள். மீண்டும் கட்டினோம்.

அந்தப் பையன் இப்போது வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறான். சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நம்மைப் பார்க்க வந்தவன், ஒரு பொட்டலம் தூண்டில் முள்ளை மேசைமேல் வைத்தான்.

"சிக்குனா தங்கூசிய அறுத்து விட்ருங்க சாமி" என்றான்.